காலியாகாத அறை

காலையில் எழுந்ததும் சிவராஜ் முதலில் மோட்டார் போடுவான். சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. போட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிடுவான். தொட்டி நிரம்புவதற்குள் பல் விளக்கலாம், பால் காய்ச்சலாம், சட்டைக்கு இஸ்திரி போடலாம். அவன் எதையும் செய்வதில்லை. மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் முதலில் பெரிதாகக் கேட்கும். தொட்டி நிரம்ப நிரம்பச் சத்தம் குறைந்துகொண்டே வரும். அடங்கப்போகிற நேரத்தில் எழுந்து நிறுத்துவான். மார்கழிக்குப் பிறகு அந்த வீட்டில் தொட்டி வழிந்ததே இல்லை.

கீழ் வீட்டில் வீட்டுக்காரர் முனிவேல் இருக்கிறார். மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் "தம்பீ, தண்ணி ரோட்டுக்கு வந்துருச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். இப்போது கத்த எதுவுமில்லை. படியில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வார்.

அதன் பிறகு பால். அரை லிட்டர் பாக்கெட் வருகிறது. சின்ன பாக்கெட் போதும் என்று பால்காரரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. காபி போட்டது போக மீதியைக் குளிர்பெட்டியில் வைப்பான், மறுநாள் கொட்டுவான், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பான். குளித்துவிட்டு முதல் நாள் துவைத்த சட்டையைப் போட்டுக்கொள்வான். பிறகு கெலமங்கலத்திலிருந்து மாமியார் தங்கமணி கூப்பிடுவார்.

"சாப்ட்டீங்களா மாப்ள?"

"சாப்ட்டேன் அத்தை."

"என்ன சாப்ட்டீங்க?"

"தோச."

தோசை சாப்பிடுவதில்லை. அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளும் மேற்கொண்டு கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுப்பான்.

அட்டையில் மாவட்ட ஒருங்கிணைப்பாளர், ஊர்த்தங்கல் திட்டம் என்று போட்டிருக்கும். சேலத்தில் சுற்றுலா மேலாண்மை படித்தவன். ஒப்பந்த வேலைதான். தேசியச் சுற்றுலாக் கொள்கை டெல்லியில் புறப்படும்போது தலையணைக்கு வைக்கிற அளவுக்குத் தடித்த புத்தகம். சென்னைக்கு வரும்போது அது சுற்றறிக்கையாக இளைத்துவிடுகிறது. கிருஷ்ணகிரிக்கு வந்து சேரும்போது சிவராஜின் போனில் ஒரு செயலி. அந்தச் செயலியில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் வந்த வெளியூர்க்காரர்கள், மற்றொன்றில் தங்கிய இரவுகள். இரண்டிலும் எண் விழுந்தால் கட்டம் பச்சையாகும். டெல்லியில் யாரோ அந்தப் பச்சையைப் பார்ப்பதாகச் சொல்வார்கள்.

விவசாயக் குடும்பம் வீட்டை ஒட்டி ஒரு மூலை இடம் தர வேண்டும். அதில் குளியலறையோடு ஓர் அறையைத் திட்டமே கட்டித்தரும். இடமும் அறையும் வீட்டுப் பெண்ணின் பேரில் இருக்க வேண்டும். சுற்றுலா வருகிறவர்களைத் தங்கவைத்து, தோட்டத்தைக் காட்டி, ஊர்ச் சாப்பாடு போட வேண்டும். சரியாக நடத்தாத வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் அறையும் அது நிற்கிற மூலையும் பஞ்சாயத்துக்குப் போய்விடும். திட்டத்தில் உள்ள கண்டிப்பு அது ஒன்றுதான்.

மாவட்டத்தில் பல வீடுகள் சிவப்பில் கிடந்தன. பாகலூருக்கு அப்பால் கர்நாடக எல்லையை ஒட்டிய மாரசந்திரம் என்ற ஊரில் ராஜாத்தி இல்லம் மட்டும் மாதாமாதம் முழுப் பச்சை. அந்த அறை காலியாகவே இருந்ததில்லை. மாநிலத்திலேயே முதலிடம். மற்ற மாவட்டத்துக்காரர்கள் கூட்டத்தில் சிவராஜிடம் வந்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லாமல் இருந்ததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவன் அந்த ஊருக்குப் போயே பல மாதம் ஆகியிருந்தது. எண் வந்தது, ஏற்றுக்கொள் என்ற பொத்தானை அழுத்தினான். மார்கழிக்குப் பிறகு அவன் செய்த எல்லா வேலையும் அப்படித்தான்.

முதலிடத்தை நேரில் பார்க்க சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி சுப்ரியா வியாழக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. பிடித்திருந்தால் முன்மாதிரி வீடு என்று டெல்லிக்கு எழுதுவார். புதன்கிழமை காலையில் சிவராஜ் மாரசந்திரத்துக்குக் கிளம்பினான்.

பாகலூர் சாலையில் பனி இன்னும் விலகவில்லை. பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் கூரைகள் வரிசையாக வெளுத்துத் தெரிந்தன. கல் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒன்றையொன்று ஒதுக்கிக்கொண்டு போயின. மாரசந்திரத்தில் "ராஜாத்தி இல்லம்" என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி அறைச் சுவரில் மாட்டியிருந்த போர்டுக்கு நேர் கீழே ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலச் சீருடையும் கழுத்தில் அட்டையுமாக இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்த முகங்கள். வண்டியில் உட்கார்ந்திருந்த சிவராஜைத் தாண்டி, போர்டைத் தாண்டி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பக்கத்தில் கொடியில் அதே நீலத்தில் இன்னும் நான்கைந்து சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

ராஜாத்தி மாட்டுச்சாணக் கையோடு வந்தாள். நாற்பது வயதுக்காரி, கட்டையான உடம்பு, வேகமான பேச்சு.

"வாங்க சார்! எங்கள மறந்துட்டீங்கன்னு நெனச்சன். எளச்சிப் போய்ட்டீங்களே."

"உள்ள போனது யாருங்க?"

"டூரிஸ்டுங்க சார்."

"யூனிஃபார்ம் போட்டிருக்காங்க."

"கம்பெனிக்குப் போறப்போ போட்டுக்கினுதான சார் போவணும்?"

சிவராஜ் கொடியைப் பார்த்தான். ராஜாத்தியும் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு ஏதோ உறைத்தது.

"ஏன் சார், தப்பா? நீங்க இன்னா கேட்டீங்க? வெளியூரு ஆளுங்களா? ஆமா, ஒண்ணு தென்காசி, ஒண்ணு பரமக்குடி. ராத்திரி தங்குனாங்களா? தங்குனாங்க. ஊர சுத்திப் பாத்தாங்களா? ஞாயித்துக்கெழம ஓசூரு மலக்கோயிலு, ஏரி எல்லாம் பாத்துட்டு வராங்க. ரோஜாத் தோட்டத்துல நின்னுக்கினு போட்டோ புடிக்கறாங்க. என் சோத்தத்தான் துன்றாங்க. இதுல எது சார் பொய்யி?"

எதுவும் பொய் இல்லைதான்.

உள்ளே போனவர்களில் ஒருத்தி துண்டோடு வெளியே எட்டிப் பார்த்தாள். சுகுணா என்று பேர் சொன்னாள், தென்காசிக்காரி. "அண்ணே, நாங்க டிரெய்னிங்குல இருக்கோம். ஹாஸ்டல்ல ஒரே ரூமுல அம்புட்டுப் பேரையும் அடைச்சுப் போட்டுட்டாவ. கால நீட்ட முடியாது. அக்கா வீடுன்னா சொந்த வீடு மாதி. எங்களயா விசாரிக்க வந்திருக்கிய?"

"இல்ல. நீங்க தூங்குங்க."

"அவ அப்பா அம்மாகூட போன மாசம் வந்து தங்குனாங்க சார்" என்றாள் ராஜாத்தி. "பொண்ண பாக்க. கிருஷ்ணகிரி மல மேல கோட்ட இருக்குதுன்னு இட்டுக்கினு போனன். பாதி ஏறிட்டு, முட்டி வலிக்குதுன்னு அந்தம்மா உக்காந்துருச்சு. எறக்கி டேமுக்கு இட்டுக்கினு போயி மீனு வாங்கிக் குடுத்தன். அவங்களயும் சுகுணா பேர்லதான் எழுதிக்கினன்."

மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் திம்மராயன் திரும்பாமலே சொன்னான். "நான் அன்னிக்கே சொன்னன் சார். இந்த ஊர்ல இன்னா கீதுன்னு டூரிஸ்டு வருவான்? கம்பெனி பொகயும் கல்லு லாரியும் பாக்கவா? போர்டுல பேரு எழுதிக்கினா மகாராணி ஆயிருவாளா?"

"ஊட்டுக்கு ஒரு நல்ல கக்கூசு வந்ததே அந்தப் போர்டாலதான். நீ தீனிய வெய்யி."

வீடு, ரோஜாத் தோட்டம், மாடு எல்லாம் திம்மராயன் பேரில். திட்டத்துக்காக மனசில்லாமல் எழுதிக்கொடுத்த அந்த மூலையும் அதில் நிற்கிற அறையும் மட்டும்தான் ராஜாத்தி பேரில் இருந்தன. உலகத்தில் அவள் பேரில் இருந்தது அது மட்டும்தான். சிவராஜுக்கு அது தெரியும். பத்திரம் பதிய அவளோடு போனவள் அவனுடைய மனைவி மேகலா. ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். அறை கட்டிக்கொண்டிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு வண்டியில் இந்த ஊருக்கு வருவாள். போர்டில் வீட்டுக்காரர் பேர் எதற்கு, உங்க பேரையே போடுங்கக்கா என்று சொன்னது அவள்தான்.

"நாளைக்கு மேடம் வந்து பாத்தா ரூமு போயிருமா சார்?" மறுநாள் ஆய்வு என்று அவன் சொன்னதும் ராஜாத்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"போகலாம்."

சாணம் அவள் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

"நான் பாத்துக்கறன் சார். நீங்க ஒண்ணும் பேசவே வேணாம். சரின்னு மட்டும் சொல்லுங்க போதும்."

"சரி" என்றான் சிவராஜ்.

இப்போதெல்லாம் அவன் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். பெங்களூரில் டாக்டர் சொன்னதற்குச் சரி என்றான். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் சரி என்று போட்டான். காரியத்தன்று மாமியார் எல்லார் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்புலன்ஸ்ல என் பொண்ணு கண்ணத் தொறந்து, 'அம்மா, அவரத் தனியா விட்டுறாத, பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு" என்று அழுதார். கூட்டத்தில் எல்லாரும் அழுதார்கள். சிவராஜ் அதற்கும் சரி என்றான். அவனும் அந்த ஆம்புலன்ஸில்தான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் வண்டி நகராமல் நின்றபோது திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தான். வீட்டில் விழுந்த பிறகு அவளுக்கு நினைவே திரும்பியிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தச் சொல் கெலமங்கலத்திலிருந்து கிளம்பி உறவு சனத்தையெல்லாம் சுற்றி, ஓசூர் வந்து, எப்படியோ மாரசந்திரம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

வியாழக்கிழமை சுப்ரியா வந்து இறங்கியபோது அறை வாசலில் மாக்கோலம் போட்டிருந்தது. கொடியில் நீலத்தின் சுவடே இல்லை. பெண்கள் இருவரையும் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டார்கள். தின்பண்டக் கடை விளம்பரம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, பக்கத்தில் உருளைப் பெட்டி. பெட்டியின் பிடியில் விமானத்தில் ஒட்டுகிற காகிதச் சீட்டுகூடத் தொங்கியது. அவர் மனைவி முதல்முறையாகச் சுடிதார் போட்டவள் என்பது துப்பட்டாவை இழுத்து இழுத்து முந்தானையாக்கிக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது.

சிவராஜுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது வெங்கடப்பன், மாலூரில் இருக்கிற ராஜாத்தியின் அண்ணன். அறையின் திறப்புவிழாவில் பந்தல் போட்டவர்.

சுப்ரியாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கான்வாஸ் ஷூ, கையில் குடை. அறைக்குள் போய் மெத்தையை அழுத்திப் பார்த்தார். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார். ஜன்னலைத் திறந்து ரோஜாத் தோட்டத்தைப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். ராஜாத்தியின் முகம் மலர்ந்தது. பிறகு சுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெங்கடப்பன் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"நம்து மைசூரு மேடம்."

"மைசூர்லருந்து மாரசந்திரம் பாக்கவா வந்தீங்க?"

"ஹௌது, ஆமா மேடம். அங்க இன்னா இருக்குது? அரமன வுட்டா ஒண்ணுமில்ல."

சுப்ரியாவின் டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

"இங்க என்ன புடிச்சிருந்துச்சு?"

வெங்கடப்பன் யோசித்தார். "காத்து" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கல் லாரி போனது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"சாப்பாடு எடுத்து வெக்கட்டுமா மேடம்?" என்று ராஜாத்தி குறுக்கே வந்தாள்.

வாழை இலையில் ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, உச்செள்ளுச் சட்னி. சுற்றுலாப் பயணிகள் இருவரும் அதிகாரியும் டிரைவரும் சிவராஜும் அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். களியை எப்படிச் சாப்பிடுவது என்று சுப்ரியா கேட்டார். "மெல்லக் கூடாது மேடம். உருட்டி, குழம்புல முக்கி, அப்படியே முழுங்கணும்" என்று வெங்கடப்பன் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்த பிறகு, தான் மைசூர்க்காரர் என்று நினைவு வந்து, "இங்கதான் கத்துக்கினேன்" என்று சேர்த்துக்கொண்டார். சுப்ரியா சிரித்தார். இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினார். பரவாயில்லை, தேறிவிடும் போலிருந்தது. ராஜாத்தி அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை வரும்போதும் சிவராஜை ஒரு பார்வை பார்த்தாள். அவன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டான்.

மேடம் கை கழுவும்போது குழாயில் தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும் என்று ராஜாத்தி மோட்டார் போட்டிருந்தாள். அறையின் மேல்தளத்தில் தொட்டி. பேச்சுச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. சிவராஜ் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் விழும் சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. அவன் கை இலையில் நின்றது. சத்தம் அடங்கியது. பிறகு போர்டின் மேல், ராஜாத்தி என்ற எழுத்தின் மேல், தண்ணீர் நூலாக இறங்கியது. அப்புறம் சடசடவென்று கொட்டியது.

"தொட்டி வழியுது! மோட்டார நிறுத்து!" அடுப்படியிலிருந்து ராஜாத்தி கத்தினாள். யாரைச் சொன்னாள் என்று இல்லை. வீடு என்றால் யாராவது எழுந்து போவார்கள்.

இரண்டு பேர் எழுந்தார்கள். சிவராஜ் எழுந்தது அவனுக்கே தெரியாது. எழுந்தவன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எச்சில் கையோடு நின்றான். வெங்கடப்பனுக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் திரும்பி, மாட்டுக்கொட்டகையின் தாழ்ந்த விட்டத்துக்குப் பார்க்காமலே தலையைக் குனிந்து, "ஏ கௌரி, நவுரு" என்று பசுவை முழங்கையால் தள்ளிவிட்டு, தீவன மூட்டைக்குப் பின்னால் இருட்டுக்குள் கையை விட்டு சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து சட்னியை விரலால் வழித்து நக்கினார். அப்போதுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார். அவருடைய தொப்பி கொட்டகையில் விழுந்திருந்தது. கௌரி அதை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர்கூட இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைசூர் அரண்மனையில இருக்கற மாட்டுக்கும் கௌரின்னுதான் பேரா?" என்று சுப்ரியா மெதுவாகக் கேட்டார். பிறகு திரும்பினார். "சிவராஜ், இவர் யாரு?"

ராஜாத்தி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். டூரிஸ்ட் என்று ஒரு சொல் போதும். போன வருடமும் வந்தவர், வீடு பழக்கம் என்று ஒரு வாக்கியம் கூட்டினால் இன்னும் நல்லது. சுப்ரியா நம்பமாட்டார், ஆனால் எழுதிக்கொண்டு போய்விடுவார். களி அவருக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது என்ற எண்ணமெல்லாம் சிவராஜுக்கு வரவில்லை. அடுப்படியிலிருந்து வந்த அந்தக் கத்தல் காதிலேயே இருந்தது. அது இருக்கும்போது இன்னொரு சொல்லை இட்டுக்கட்டி வாய்க்குக் கொண்டுவர அவனால் முடியவில்லை. அவ்வளவுதான்.

"இவங்க அண்ணன் மேடம். மாலூர். ரூம்ல தங்கறது கம்பெனிப் பொண்ணுங்க."

"எப்பலருந்து?"

"ஆரம்பத்துலருந்தே இருக்கும். நான் வந்து பாக்கல."

சுப்ரியா கை கழுவினார். குழாயில் தண்ணீர் பீய்ச்சித்தான் வந்தது. துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே பேசினார். "ரூம் நல்லாருக்கும்மா. சமையலப் பத்திக் கேக்கவே வேணாம். ஆனா வேலைக்கு வந்து தங்கறவங்க பயணி இல்ல. அது கொள்கையில மொதப் பக்கத்துலயே இருக்கு. உங்களப் பட்டியல்லருந்து எடுத்துடறேன். பஞ்சாயத்துல சொல்லிடுங்க சிவராஜ்."

இங்கே அவன் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் வேறொன்று வெளியே வந்தது.

"போன மாசம் தென்காசிலருந்து ரெண்டு பேர் வந்து தங்கியிருக்காங்க மேடம். பொண்ண பாக்க வந்தவங்க. இவங்கதான் கோட்டைக்கும் டேமுக்கும் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அவங்க வேலைக்கு வரல."

"அவங்க உண்மையான ஆளுங்களா, அவங்களும் மாலூரா?"

"பக்கத்து வீட்ல அந்தப் பொண்ணு தூங்குது. எழுப்பிக் கேக்கலாம்."

சுகுணாவை எழுப்பினார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். போனில் படம் காட்டினாள். அணை மதகுக்கு முன்னால் வெள்ளை வேட்டியோடு ஒருவர் நேராக நின்றார். பக்கத்தில் ஓர் அம்மாள் கையில் மீன் பையைப் பிடித்தபடி சிரித்தாள். சுப்ரியா வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"கொள்கை எழுதினவங்க மனசுல இந்த மாதிரி ஆளுங்க இருந்திருக்க மாட்டாங்க" என்றார். பிறகு சிவராஜிடம், "பழைய எண் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. இந்த ரெண்டு பேர மட்டும் வைங்க. பொங்கல் வரைக்கும் பாப்போம். இந்த மாதிரி ஆளுங்க வந்து தங்குனா ரூம் இவங்களோடது. இல்லன்னா பஞ்சாயத்து. கம்பெனிப் பொண்ணுங்க இந்த வாரமே காலி பண்ணணும்." கிளம்பும்போது ராஜாத்தியிடம் உச்செள்ளுச் சட்னிக்கு எப்படி வறுப்பது என்று கேட்டுக்கொண்டார். ராஜாத்தி சொன்னாள். அவள் குரலில் ஒன்றுமே இல்லை.

கார் போனதும் வெங்கடப்பன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அவர் மனைவி பெட்டியில் தொங்கிய காகிதச் சீட்டைக் கிழிக்காமல் பத்திரமாக அவிழ்த்தாள். இரவல் பெட்டி. "நான்தான் கெடுத்துட்டன், தங்கச்சி" என்றார் வெங்கடப்பன். "கை தானா போயிருச்சு." திம்மராயன் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிற சாக்கில் சிரித்துக்கொண்டே போனான்.

சிவராஜ் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தலைக்கவசத்தை எடுத்தான். ராஜாத்தி பின்னாலேயே வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சரின்னு சொன்னீங்களே சார்."

அவன் தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்தான்.

"அண்ணன் உளறுச்சு, போவட்டும். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். பொங்கலுக்குள்ள எந்த டூரிஸ்டு சார் வருவான் இங்க? அந்தப் புள்ளைங்க எங்க போவும்? திரும்பவும் அந்த ஹாஸ்டல் கொட்டடிக்கா? எம் புருசன் பாத்தீங்களா, இன்னிக்கே சிரிக்க ஆரம்பிச்சிட்டான். அந்த ரூமு போச்சுன்னா அப்புறம் இந்த வூட்ல என் பேச்சு எடுபடுமா?"

"அந்த ரெண்டு பேர் கணக்குல இருக்காங்க. நான் ஆள் அனுப்பறேன். பொண்ணுங்களப் பாக்க வர்ற அப்பா அம்மா நிறைய பேர் இருப்பாங்க. ஹாஸ்டல்ல அவங்கள விடமாட்டாங்க. கம்பெனி கேட்ல போய்ச் சொல்றேன்."

"நீங்க சொல்லுவீங்க!" அவள் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் வந்த கலக்கம். "மேகலா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா? அது பேசியிருக்கும் சார். அந்த மேடத்தையே சிரிக்கவெச்சி அனுப்பியிருக்கும். சாவற நேரத்துலகூட அந்தப் பொண்ணு உங்களத்தான் நெனச்சிச்சு. அவரத் தனியா வுட்டுறாதீங்க, பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் போச்சாமே. ஊரே சொல்லுது. அப்படிப்பட்ட பொண்ணு கூட வாழ்ந்துட்டு, ஒரு பொம்பளையோட ரூம உங்களால பாத்துக்க முடியலயே சார்?"

போர்டிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மண்ணில் சின்னதாக ஒரு குழி விழுந்திருந்தது.

"அவ அப்படிச் சொல்லல" என்றான் சிவராஜ்.

ராஜாத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தவள் நிறுத்தினாள். "இன்னா?"

"ஆம்புலன்ஸ்ல அவ கண்ணே தொறக்கல. நான் கூடத்தான் இருந்தேன். அத்த அப்படி நெனச்சிக்கிட்டாங்க. அவங்களுக்கு ஏதாச்சும் வேணும்ல."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ராஜாத்தி குறுக்கிடாமல் கேட்டதால் அவனுக்கு மேலே சொல்ல முடிந்தது.

"காலையில வீட்லயே விழுந்துட்டா. நான் உக்காந்து உங்க வீட்டுக் கணக்கத்தான் போன்ல பாத்துக்கிட்டிருந்தேன். பச்சையாச்சான்னு. அவ சமையக்கட்டுலருந்து ஒண்ணு சொன்னா. நான் சரின்னேன். சரின்னுட்டு இன்னும் கொஞ்சம் பாத்துட்டுத்தான் எழுந்து போனேன். வெளிய போயிட்டு வந்தா, கீழ கெடக்கறா. அவ்ளோதான். அதுக்கப்புறம் அவ பேசல."

"இன்னா சார் சொல்லிச்சு?" ராஜாத்தியின் குரல் தணிந்திருந்தது. தன் அறையை அவள் அந்த நிமிஷம் மறந்திருந்தாள்.

சிவராஜ் தலைக்கவசத்தைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை அப்படியே சொல்ல வேண்டும் என்று பார்த்தான். எரிச்சல் இருந்தது அதில். வேலைக்கு நேரமாகிற எரிச்சல். அன்பு, கவலை என்றெல்லாம் எதுவும் இல்லை.

"சிவா, தொட்டி வழியுது. எத்தன தடவ சொல்றது, மோட்டார நிறுத்து."